கூகுள் டாக், எக்ஸ்எம்பிபி, அறுந்த இணைப்பு: திறந்த தரநிலை எதைக் காக்கும், எதைக் காக்காது

2006 ஜனவரி 17 அன்று கூகுள் தன் கூகுள் டாக் அரட்டைச் சேவையை வெளிச் சர்வர்களுக்குத் திறந்துவிட்டது. ஜிமெயில் முகவரி உள்ளவரும், ஒரு கல்லூரி சொந்தமாக நடத்தும் ஜாபர் சர்வரில், அதாவது எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறையில் இயங்கும் சர்வரில், கணக்கு உள்ளவரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பேசிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. 2013 மே 15 அன்று அதற்கு மாற்றாக ஹேங்கவுட்ஸ் அறிமுகமானது. அதில் வெளிச் சர்வர்களுக்கு இடமில்லை. 2022 ஜூன் 16 அன்று, வெளியார் எழுதிய செயலிகள் வழியே கூகுள் டாக்குக்குள் நுழைய மிச்சமிருந்த பாதையும் அடைபட்டது.

"கூகுள் எக்ஸ்எம்பிபியைக் கொன்றது" என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. நெறிமுறை சாகவில்லை. 2011 மார்ச்சில் ஆர்எஃப்சி 6120, 6121 என்ற இணையத் தரநிலை ஆவணங்களாகப் புதுப்பிக்கப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. செத்தது வேறொன்று: பெரிய சேவைக்கும் சிறிய சர்வருக்கும் இடையே இருந்த இணைப்பு. நெறிமுறையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதும், இணைப்பை யாரும் அறுக்க முடியாது என்பதும் வெவ்வேறு சங்கதிகள். முன்னதைத் தரநிலை தரும். பின்னதை அது ஒருபோதும் தந்ததில்லை.

எப்படி வேலை செய்தது

எக்ஸ்எம்பிபிக்கு முந்தைய நிலைமையைப் பார்த்தால்தான் அதன் தேவை புரியும். 1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மெசஞ்சரை, ஏஓஎல் நிறுவனத்தின் ஏஐஎம் என்ற அரட்டைச் சேவையின் பயனர்களோடும் பேசும்படி வெளியிட்டது. ஏஓஎல் தடுத்தது, மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது, மறுபடி தடை, மறுபடி திருத்தம். கடைசியில் ஏஓஎல், தன் செயலியில் இருந்த நினைவகக் குறைபாடு ஒன்றையே பயன்படுத்தி, எதிர்முனையில் இருப்பது அசல் ஏஐஎம் செயலிதானா என்று சோதிக்கத் தொடங்கியது. போட்டியாளரை வெளியே நிறுத்த, சொந்தப் பயனர்களின் கணினியில் உள்ள ஓட்டையையே ஆயுதமாக்கிய துணிச்சல் அது. மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டுக்குள்ளேயே பின்வாங்கியது.

அதே 1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் அறிவித்த ஜாபர் திட்டம்தான் பிறகு எக்ஸ்எம்பிபி ஆனது. 2004 அக்டோபரில் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு அதை ஆர்எஃப்சி 3920, 3921 என்று வெளியிட்டது. முகவரி மின்னஞ்சலைப் போன்றதே: பெயர், அட் குறி, டொமைன். ஒருவர் வேறு டொமைனில் உள்ளவருக்குச் செய்தி அனுப்பினால், அனுப்புநரின் சர்வர், அந்த டொமைனுக்கு எந்தக் கணினி பொறுப்பு என்று சொல்லும் எஸ்ஆர்வி பதிவை, இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் தேடும். அதில் காட்டிய கணினியோடு 5269ஆம் போர்ட்டில் பேசத் தொடங்கும். பயனரின் செயலி தன் சர்வரோடு பேசும் போர்ட் 5222. இணைய வரும் சர்வர் உண்மையிலேயே அந்த டொமைனுக்குரியதா என்று பார்க்க டயல்பேக் என்ற முறை உண்டு. வந்த அழைப்பை அப்படியே நம்பாமல், டிஎன்எஸ் காட்டும் முகவரிக்கு, அழைப்பைப் பெற்ற சர்வரே திரும்பத் தொடர்புகொண்டு உறுதிசெய்வது. ஆள்மாறாட்டத்தை இது ஓரளவு தடுக்கும், ஒட்டுக்கேட்பதைத் தடுக்காது. இந்தக் குறை பின்னால் பெரிதாகும்.

ஒரே பெயரில் மூன்று நிலைகள்

ஒரு நிறுவனம் "திறந்த நெறிமுறையை ஏற்கிறோம்" என்று சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம்.

நெறிமுறையைத் தன் வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்வது முதல் நிலை. வாட்ஸ்அப் அப்படித்தான் வளர்ந்தது. ஈஜாபர்டி என்ற திறமூல எக்ஸ்எம்பிபி சர்வரை எடுத்து, தனக்கு வேண்டியபடி வெட்டி ஒட்டிக்கொண்டது. வெளியாருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது, வெளியார் எழுதிய செயலிகளை அனுமதிப்பது. ஃபேஸ்புக் 2010 பிப்ரவரியில் இதைச் செய்தது: பிட்ஜின், ஆடியம் போன்ற செயலிகளிலிருந்து ஃபேஸ்புக் அரட்டைக்குள் நுழையலாம், ஆனால் பேசுவது இன்னொரு ஃபேஸ்புக் பயனரோடு மட்டும்தான். 2014 ஏப்ரலில் நிறுத்தப்போவதாக அறிவித்து, 2015இல் நிறுத்தியும் விட்டார்கள். மூன்றாவது, சர்வரோடு சர்வர் பேசுவது. கூகுள் டாக் செய்தது இதை.

போட்டியைப் பொறுத்தவரை மூன்றாம் நிலைக்கு மட்டுமே முழு எடை உண்டு. புதிய சேவை ஒன்றைத் தொடங்குபவருக்கு மிகப் பெரிய தடை, அவருடைய முதல் ஆயிரம் பயனர்களுக்குப் பேச ஆளில்லை என்பதுதான். மூன்றாம் நிலை அந்தத் தடையை முதல் நாளிலேயே நீக்கிவிடுகிறது. இரண்டாம் நிலை பழைய சேவையின் பயனர்களுக்கு வசதியைத் தரும், புதியவருக்கு ஆளைத் தராது. செய்திகளில் இம்மூன்றும் "எக்ஸ்எம்பிபி ஆதரவு" என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போனதால், ஃபேஸ்புக்கும் கூகுளும் ஒரே காரியத்தைச் செய்ததாகப் பலர் நம்பிவிட்டார்கள்.

இணைந்திருந்த ஆண்டுகளில் விழுந்த விரிசல்கள்

2005இல் கூகுள் அரட்டைத் துறைக்குப் புதியது. ஏஐஎம், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் அதைவிடப் பெரியவை. பின்தங்கியவருக்கு இணைப்பு இலாபம். கூகுள் தாராளமாகத் திறந்தது. 2005 டிசம்பரில் ஏஓஎல்லின் 5 சதவீதப் பங்கை 100 கோடி டாலருக்கு வாங்கியபோது, ஏஐஎம் பயனர்களோடு கூகுள் டாக் பயனர்கள் பேச வழிசெய்வதும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டும் யாஹூவும் 2006இல் தங்களுக்குள் மட்டும் ஒரு தனி இணைப்பைப் போட்டுக்கொண்டன. எந்த நெறிமுறையாலும் அல்ல, இருதரப்பு ஒப்பந்தத்தால்.

முதல் விரிசல் குரல் அழைப்பில் விழுந்தது. கூகுள் தன் குரல் அழைப்பு முறையை லிப்ஜிங்கிள் என்ற நிரல் தொகுப்பாக வெளியிட்டது. அதன் அடிப்படையில் எக்ஸ்எம்பிபி அமைப்பு ஜிங்கிள் தரநிலையை எழுதத் தொடங்கியது. எழுதி முடிப்பதற்குள் தரநிலை மாறியது, கூகுளின் நிரலோ ஓடிக்கொண்டிருந்த பழைய வடிவத்திலேயே நின்றது. எழுத்துச் செய்தி இரு பக்கமும் போகும், குரல் அழைப்பு போகாது என்ற நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. தரநிலைப்படி எழுதியவரின் செயலிதான் "வேலை செய்யாத செயலி" என்று பெயர் வாங்கியது. ஒரு தரப்பு மிகப் பெரிதாக இருக்கும்போது, அதன் நிரலில் உள்ள விலகலே நடைமுறைத் தரநிலை ஆகிவிடும். மின்னஞ்சல் வந்த அறிவிப்பு, உரையாடலைச் சேமிக்காமல் விடுதல், தொடர்புப் பட்டியலின் கூடுதல் விவரங்கள் என்று கூகுள் தன் பெயரிலேயே சேர்த்த நீட்டிப்புகளும் இந்த ரகம்.

இரண்டாவது விரிசல் எரித (ஸ்பேம்) அழைப்புகள். எக்ஸ்எம்பிபியில் ஒருவரைத் தொடர்புப் பட்டியலில் சேர்க்க முதலில் ஒரு கோரிக்கை போக வேண்டும். அந்தக் கோரிக்கையை யாரும் எந்த டொமைனிலிருந்தும் அனுப்பலாம் என்பதால், ஒரு மலிவு டொமைனை வாங்கிச் சர்வரை நிறுவினால் இலட்சக்கணக்கில் அனுப்பலாம். 2013 பிப்ரவரி வாக்கில் வெளி டொமைன்களிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கூகுள் தடுக்கத் தொடங்கியது. எரிதம்தான் காரணம் என்றது. பொய்யான காரணமல்ல. ஆனால் மின்னஞ்சலில் இதே சிக்கலுக்கு டொமைன்வாரி நன்மதிப்பு, விகிதக் கட்டுப்பாடு, அனுப்புநரைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் முறைகள் என்று அடுக்கடுக்காகத் தீர்வுகளைப் பயன்படுத்திய அதே நிறுவனம் இங்கே மொத்தமாகக் குழாயை மூடியது. மின்னஞ்சல் இணைப்பை அறுத்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார். அரட்டை இணைப்பை அறுத்தால் யாரும் ஓடப்போவதில்லை.

மூன்றாவது மறையாக்கம் (என்கிரிப்ஷன்). கூகுள் டாக்கின் சர்வர்கள் மற்ற சர்வர்களோடு பேசும்போது, வழியில் யாரும் படிக்காதபடி மறைக்கும் டிஎல்எஸ் முறையைப் பயன்படுத்தவில்லை. நிறுவனங்களுக்கான கூகுள் ஆப்ஸ் சேவையில் ஒரே சர்வர்த் தொகுதி எண்ணற்ற வாடிக்கையாளர் டொமைன்களுக்காகப் பேசியது. ஒவ்வொரு டொமைனுக்கும் செல்லும் சான்றிதழை அந்தச் சர்வர் காட்ட வேண்டும் என்றால் நடைமுறைச் சிக்கல் பெரிது. அதற்கான தீர்வுகள் ஆர்எஃப்சி 7711, 7712 என்று வெளிவந்தது 2015 நவம்பரில். அதற்குள் கதை முடிந்திருந்தது.

அறுந்த விதம்

ஹேங்கவுட்ஸ் தனிச் செயலியாக வந்திருந்தால் பயனர் தேர்ந்தெடுத்திருப்பார். ஆண்ட்ராய்டில் அது கூகுள் டாக் செயலியின் அடுத்த பதிப்பாகவே வந்திறங்கியது. ஜிமெயிலில் மட்டும் பழைய அரட்டைப் பெட்டிக்குத் திரும்பும் வசதி சிறிது காலம் இருந்தது.

வெளிச் சர்வரில் இருந்தவருக்கு இது தோன்றிய விதம்தான் கொடுமை. நண்பர் பட்டியலில் இருப்பார். எப்போதும் ஆஃப்லைன் என்று காட்டும். அவர் ஜிமெயிலின் பழைய பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் செய்தி போகும். கைபேசியில் ஹேங்கவுட்ஸில் மட்டும் இருந்தால் போகாது. "இந்தச் சேவை துண்டிக்கப்பட்டது" என்று எங்கும் எழுதப்படவில்லை. பிட்ஜின் போன்ற செயலியில் கூகுள் கணக்கோடு நுழைந்தவர்களுக்குத் தனி உரையாடல் வரும், ஹேங்கவுட்ஸ் குழு உரையாடல் வராது. இப்படி அரைகுறையாக அறும் இணைப்பில் பழி அறுத்தவர்மேல் விழாது. "உன் சர்வர் சரியில்லை, நீயும் ஜிமெயிலுக்கு வா" என்றுதான் நண்பர்கள் சொல்வார்கள்.

கடைசி முடிச்சை அவிழ்த்தது எக்ஸ்எம்பிபி தரப்பேதான். அமெரிக்க அரசின் இணைய உளவை எட்வர்ட் ஸ்னோடென் அம்பலப்படுத்திய பிறகு, மறையாக்கம் இல்லாத இணைப்புகளை ஏற்பதில்லை என்று சர்வர் நிர்வாகிகள் பலர் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2014 ஜனவரி முதல் மாதந்தோறும் சோதனை நாள்கள் நடந்தன. மே 19 முதல் நிரந்தரம். கூகுள் டாக் டிஎல்எஸ் தரவில்லை என்பதால், கையெழுத்திட்ட சர்வர்களுக்கும் கூகுளுக்கும் இடையே எஞ்சியிருந்த இணைப்பு அன்று நின்றது. நிர்வாகிகளுக்கு வேறு வழி இருந்ததா என்றால், கூகுளுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கலாம், சிலர் வைத்தார்கள். அது மறையாக்கத்தின் பயனையே குறைத்தது. பெரிய தரப்பு தரநிலையில் பின்தங்கினால், சிறிய தரப்புக்கு மிஞ்சுவது பாதுகாப்பா தொடர்பா என்ற கேள்விதான்.

கூகுள் சொன்ன காரணமும் சொல்லாத கணக்கும்

தொழில்நுட்பக் காரணங்கள் இருந்தன, மறுக்க வேண்டியதில்லை. எக்ஸ்எம்பிபி எப்போதும் திறந்திருக்கும் ஒரு டிசிபி இணைப்பை நம்பியது. கைபேசி வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது அது அறும், நடுவில் வந்த செய்தி தொலையும். ஒரே கணக்கைக் கைபேசியிலும் கணினியிலும் திறந்தால் உரையாடல் ஒன்றில் மட்டும் விழும். இவற்றுக்கு எக்ஸ்இபி 0198, 0280, 0313 என்று எண்ணிட்ட எக்ஸ்எம்பிபி நீட்டிப்புகள் எழுதப்பட்டன. எல்லாமே விருப்பத்துக்குரியவை என்பதால் எந்தச் செயலியில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிய செயலியையும் உள் நெறிமுறையையும் எழுதக் கூகுளுக்கு நியாயம் இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திக்கு மட்டும் வெளிச் சர்வர்களோடு ஒரு பாலத்தை வைத்திருக்க அதில் எதுவும் தடையாக இல்லை.

மற்ற காரணம், பெரிய சேவைகள் எதுவும் இணைய முன்வரவில்லை என்பது. இது உண்மைக்கு நெருக்கமானது. மைக்ரோசாஃப்ட் 2013 மே மாதம் அவுட்லுக்.காம் பயனர்களைக் கூகுள் டாக் பயனர்களோடு பேச வைத்தது; தன் பயனர்களைப் பிற சேவைகளுக்குத் திறக்கவில்லை. அதே வாரம் கூகுள் மாநாட்டு மேடையில் அதன் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி லாரி பேஜ் இந்த ஒருவழிப் போக்கைக் குறைகூறினார். அன்றுதான் ஹேங்கவுட்ஸும் அறிமுகமானது.

சொல்லாத கணக்கு எளிது. 2006இல் இணைப்பால் கூகுளுக்கு ஆள் கிடைத்தது. 2013இல் அதன் போட்டியாளர்கள் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும். இருவருமே மூன்றாம் நிலைக்கு வரப்போவதில்லை. எதிர்முனையில் எஞ்சியவை சிறிய சர்வர்கள். அவற்றை இழந்தால் கூகுளுக்கு இழப்பு ஏறக்குறையச் சுழியம். அவற்றுக்கோ பாதிப் பட்டியல் காலி. இணைப்பின் இரு முனைகளிலும் நட்டம் சமமாக இல்லாதபோது, அது பெரியவர் தரும் சலுகையாகத்தான் இருக்கும்.

கட்டாயப்படுத்தினால்?

அமெரிக்கா ஒருமுறை முயன்றது. ஏஓஎல், டைம் வார்னர் நிறுவனங்கள் ஒன்றாவதற்கு 2001 ஜனவரியில் அனுமதி தந்தபோது, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி ஒரு நிபந்தனை போட்டது: வீடியோ போன்ற மேம்பட்ட அரட்டைச் சேவையை டைம் வார்னரின் அதிவேக இணைப்புகளில் தர வேண்டுமானால், முதலில் போட்டியாளர்களோடு இணைந்து இயங்குவதைக் காட்ட வேண்டும். நிபந்தனையின் ஓட்டை அதன் வார்த்தைகளிலேயே இருந்தது. ஏஓஎல்லின் பலம் முழுவதும் அன்றிருந்த எழுத்து அரட்டையில். நிபந்தனையோ இன்னும் வராத சேவைமேல். ஏஓஎல் எழுத்து அரட்டையைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. 2003 ஆகஸ்ட்டில் நிபந்தனை நீக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், பிரிவு 7, இந்தத் தவறைத் தவிர்க்கிறது. நேராக இப்போதைய சேவையையே தொடுகிறது. 2023 செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் பட்டியலில் சேர்ந்தன. 2024 மார்ச் 7 முதல் கடமை தொடங்கியது. முதலில் இருவருக்கிடையிலான செய்தி, படம், கோப்பு. இரண்டு ஆண்டுகளில் குழு. நான்கு ஆண்டுகளில் அழைப்பு. கோரிக்கை வந்தால் மூன்று மாதத்துக்குள் செய்து தர வேண்டும். முதல் இணைப்புகள், பேர்டிசாட், ஹைக்கெட் என்ற இரு சிறிய சேவைகளோடு, 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. முனைக்கு முனை மறையாக்கம் இரு சேவைகளுக்கு நடுவில் உடையக் கூடாது என்பதால் இணைய வருபவர், வாட்ஸ்அப் பயன்படுத்தும் சிக்னல் என்ற மறையாக்க நெறிமுறையையோ அதற்கு இணையானதையோ தன் செயலியில் வைத்தாக வேண்டும். அதோடு வாட்ஸ்அப் பயனர் இந்த வசதியைத் தானே இயக்கினால்தான் வெளியார் அவருக்கு எழுத முடியும். செயலியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய்த் தேடி இயக்குபவர் எத்தனை பேர் என்பதில்தான் பிரிவு 7 வெல்வதும் தோற்பதும்.

இந்தக் கடமை செய்திச் செயலிகளுக்கு மட்டுமே. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற சமூக வலைத்தளங்களை அது தொடவில்லை.

த்ரெட்ஸ்: அதே கேள்விகள்

சமூக வலைத்தளங்களில் எக்ஸ்எம்பிபியின் இடத்தில் இருப்பது ஆக்டிவிட்டிபப். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரி 23 அன்று பரிந்துரைத்த தரநிலை. யார் வேண்டுமானாலும் சொந்தச் சர்வரில் நடத்தக்கூடிய சமூக வலைத்தள மென்பொருளான மாஸ்டடான் அதற்கு முந்தைய ஆண்டே ஏற்றுக்கொண்டது. 2023 ஜூலையில் வந்த மெட்டாவின் த்ரெட்ஸ், 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பான் பயனர்களுக்கு இந்த இணைப்பைத் திறந்தது. பயனர் தானே இயக்க வேண்டும், கணக்கு பொதுவாக இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். முதலில் போனது ஒருவழிதான்: த்ரெட்ஸ் பதிவை மாஸ்டடானில் பார்க்கலாம், மாஸ்டடான் ஆளை த்ரெட்ஸிலிருந்து பின்தொடர 2024 டிசம்பர் வரை வழியில்லை.

2006ஐ நினைவுபடுத்தும் அம்சம் ஒன்று உண்டு. 2023இல் த்ரெட்ஸ், ட்விட்டருக்கு எதிரில் புதிதாக வந்த சேவை. கூகுள் டாக் ஏஐஎம்முக்கு எதிரில் இருந்த அதே இடம். பல மாஸ்டடான் நிர்வாகிகள் கூகுள் டாக்கைச் சுட்டிக்காட்டியே த்ரெட்ஸை முன்கூட்டித் தடை செய்தார்கள். தடையில் இரு வகை உண்டு, குழப்பிக்கொண்டால் திருத்த முடியாது. கட்டுப்படுத்துதல் என்றால் அந்த டொமைனின் பதிவுகள் பொது ஓட்டத்தில் தெரியாது, ஏற்கெனவே உள்ள பின்தொடர்தல்கள் அப்படியே இருக்கும். முழுத் தடை என்றால் பின்தொடர்தல்கள் இரு பக்கமும் அறுந்துவிடும். தடையை நீக்கினாலும் தானாகத் திரும்பாது. கோபத்தில் முழுத் தடை போட்டுவிட்டு ஒரு வாரத்தில் மனம் மாறும் நிர்வாகி, தன் பயனர்களின் உறவுகளைக் கையால் ஒட்ட வேண்டியிருக்கும்.

எக்ஸ்எம்பிபியில் பரவலாக நடைமுறைக்கு வராத ஒன்று மாஸ்டடானில் உண்டு: கணக்கை வேறு சர்வருக்கு மாற்றும் முறை. முதலில் புதிய கணக்கில் பழையதை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். பிறகு பழைய கணக்கிலிருந்து மாற்ற ஆணை தர வேண்டும். பின்தொடர்பவர்களின் சர்வர்கள் புதிய கணக்கில் அந்த மாற்றுப்பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழையதை விட்டுப் புதியதைப் பின்தொடரும். அடுத்த 30 நாள்களுக்கு மறுபடி மாற்ற முடியாது. பழைய பதிவுகள் வராது. நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்ற வேண்டும்.

இதில் ஆணை தருவது பழைய சர்வர். அது மறுத்தாலோ திடீரென்று மறைந்தாலோ மாற்றம் இல்லை. 2024 பிப்ரவரியில் க்வியர்.ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வரின் டொமைன் பெயர் ஆப்கானிஸ்தானில் முடக்கப்பட்டது. ஏஎஃப் அந்நாட்டின் டொமைன். சர்வரும் தரவும் நலமாக இருந்தும் முகவரி போனதால் எல்லாம் போயிற்று. பெரிய நிறுவனத்தின் சர்வராக இருந்தால், இணைப்பை அறுக்க முடிவெடுக்கும் அன்று மாற்ற ஆணையையும் அதுவே நிறுத்திவிடலாம். எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றும் உரிமையை இந்தியக் கைபேசிப் பயனர்களுக்கு 2011 ஜனவரியில் நாடு முழுதும் தந்தது விதிமுறை. எந்தத் தொலைபேசித் தொழில்நுட்பத் தரநிலையும் அல்ல.

ஆக்டிவிட்டிபப்பின் இன்னொரு பலவீனம் பேசப்படுவதே இல்லை. தரநிலையில் செயலிக்கும் சர்வருக்கும் இடையிலான பகுதியும் உண்டு. மாஸ்டடான் அதை விட்டுவிட்டு, செயலிகள் தன் சர்வரோடு பேசத் தன் சொந்த இடைமுகத்தை (ஏபிஐ) தந்தது. செயலி எழுதுபவர்கள் அந்த ஏபிஐக்கே எழுதுகிறார்கள், மற்றச் சர்வர் மென்பொருள்கள் அதையே நகலெடுக்கின்றன. ஜிங்கிளில் கூகுள் வகித்த இடத்தில் இங்கே ஓர் இலாப நோக்கற்ற திட்டம். நோக்கம் வேறு, விளைவு ஒன்றே.

ரிசர்வ் வங்கி கண்டது

2025இல் ஸோஹோவின் "அரட்டை" என்ற பெயருள்ள செயலி பேசப்பட்டபோது, செய்தி நெறிமுறைகளை யூபிஐ போலத் தரப்படுத்தி வெளியிட விரும்புவதாக அந்நிறுவனத்தின் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். அந்த ஒப்புமையை எடுத்துக்கொண்டால் பக்கத்திலேயே பொருத்தமான பாடம் இருக்கிறது: பணப்பை செயலிகள். 2018 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, பணப்பைகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. நெறிமுறை தயார், யூபிஐ தயார், இணைவது நிறுவனங்களின் விருப்பம். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் முன்னேற்றம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று கண்ட ரிசர்வ் வங்கி, 2021 மே மாதச் சுற்றறிக்கையில், முழு கேஒய்சி முடித்த பணப்பைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. கெடு 2022 மார்ச் 31. தொழில்நுட்பத்தில் இடையில் மாறியது எதுவுமில்லை, சுற்றறிக்கையில் ஒரு வினைச்சொல் மட்டும் "செய்யலாம்" என்பதிலிருந்து "செய்ய வேண்டும்" என்று மாறியது.